செவிலியர் கல்வியும் பி.யு.சி. அறிவியல் பிரிவும்: சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை

செவிலியர் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் பி.யு.சி. முடிந்த பின்னரே வருகின்றன. ஆனால் அந்தப் படிப்பில் சேர முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் முடிவு அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வந்த வாரத்தில், வீட்டுக்கு அருகிலுள்ள பி.யு. கல்லூரியின் விண்ணப்பத்தில் எந்தப் பாடப்பிரிவைக் குறிப்பது என்பதே அந்த முடிவு. கடனுக்கான ஆவணங்கள் யாவும் சரியாக இருந்தும், மதிப்பெண் பட்டியலில் உயிரியல் இல்லாத ஒரே காரணத்தால் பி.எஸ்சி. நர்சிங் கைநழுவிப் போவதுண்டு. ஆகவே இம்முறை கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாடத்தைப் பற்றிப் பேச விழைகிறோம்.

நான்கு ஆண்டுகள் கொண்ட பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு இந்திய செவிலியர் மன்றம் 2021-இல் வெளியிட்ட விதிகள் தெளிவானவை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் பயின்றிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தனியே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேற்சொன்ன மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் குறைந்தது 45 விழுக்காடு பெற வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 40 விழுக்காடு போதும்.

இந்த விழுக்காட்டைப் பலர் மொத்த மதிப்பெண்ணோடு குழப்பிக்கொள்கின்றனர். பி.யு.சி.யின் மொத்தம் 600. அதில் இரு மொழிப்பாடங்களுக்கு 200 போய்விடும். செவிலியர் கல்லூரி பார்ப்பது இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கான 300-ஐ மட்டுமே. அதில் 45 விழுக்காடு என்றால் 135. மூன்றிலும் 40 மதிப்பெண் எடுத்துத் தேர்ச்சி பெற்ற ஒரு பொதுப்பிரிவு மாணவி 120-இல் நிற்கிறார். மொழிப்பாடங்களில் அவர் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருந்தாலும், அதனால் மொத்தத்தில் முதல் வகுப்பே பெற்றிருந்தாலும், 15 மதிப்பெண் குறைவு குறைவுதான். தேர்ச்சி வேறு, தகுதி வேறு.

கர்நாடகத்தில் அறிவியல் மாணவர்கள் பெரும்பாலோர் சேரும் பிரிவுகள் இரண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்தது பி.சி.எம்.பி.; உயிரியலுக்கு மாற்றாகக் கணினி அறிவியலைக் கொண்டது பி.சி.எம்.சி. தகவல் தொழில்நுட்ப நகரமான பெங்களூருவில் இரண்டாவதன் மீது பெற்றோருக்குள்ள ஈர்ப்பு இயல்பானதே. ஆயினும் செவிலியர் படிப்பு ஒரு வாய்ப்பாகவேனும் மனத்தில் இருக்குமானால் பி.சி.எம்.பி.யைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கணினியைப் பின்னர் எங்கு வேண்டுமானாலும் கற்கலாம். விடுபட்ட உயிரியலைப் பின்னர் சேர்ப்பது எளிதன்று.

பி.சி.எம்.பி.யில் கணிதம் ஒரு சுமை என்பதை மறைப்பதற்கில்லை. கணித மதிப்பெண் செவிலியர் தகுதிக் கணக்கில் வருவதில்லை. ஆனால் கணிதத்தில் தவறினால் பி.யு.சி. தேர்ச்சியே இல்லை. கணிதத்திற்கு அஞ்சும் பிள்ளை என்றால், அதற்கு மாற்றாக வேறொரு பாடத்தைத் தரும் கல்லூரி அருகில் உண்டா என்று முதலில் விசாரிக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் அத்தகைய கல்லூரிகள் மிகச் சில. மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கணிதமின்றி உயிரியல் பயில்வதற்கு வாய்ப்பு கூடுதல். 2024 முதல் கர்நாடகத்தில் இரண்டாம் பி.யு.சி.க்கு ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடத்தப்படுவது ஓர் ஆறுதல். தவறிய பாடத்தை மட்டுமன்றி, குறைந்த மதிப்பெண்ணை உயர்த்தவும் இதனைப் பயன்படுத்தலாம். சேர்க்கைக் கலந்தாய்வு அதுவரை காத்திருக்குமா என்பதை மட்டும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழிப்பாடத்திலும் ஒரு சொல். பி.யு.சி.யில் தமிழை ஒரு மொழியாக எடுத்துப் படிக்க இயலும் என்பது நம் வாடிக்கையாளர் பலருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவ்வாறு எடுப்போர் மற்றொரு மொழி ஆங்கிலமாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது நலம்.

இனி கல்லூரித் தேர்வு. நீட் பயிற்சியோடு இணைந்த பி.யு.சி. என்று கூறி ஆண்டுக்குப் பெருந்தொகை கேட்கும் நிறுவனங்கள் நகரெங்கும் உள்ளன. மருத்துவப் படிப்பை நாடுவோர் நிலை வேறு. பி.எஸ்சி. நர்சிங் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அண்மை ஆண்டுகளில் கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வே வழி. அதில் பாடம் ஒன்றுக்கு 60 வினாக்கள், 60 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. பாடநூலை ஒழுங்காகப் படித்த மாணவிக்கு இது எட்டாத தேர்வன்று. ஆகவே செவிலியர் படிப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டோர், ஆய்வகமும் நிலையான உயிரியல் ஆசிரியரும் உள்ள ஓர் அரசு அல்லது உதவிபெறும் பி.யு. கல்லூரியைத் தேர்ந்து, மிச்சமாகும் பணத்தை நான்காண்டுப் படிப்புக்கென வைப்பில் இடுவதே சிக்கனம் என்று கருதுகிறோம். சேர்வதற்கு முன் ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். அறிவியல் பாடம் ஒவ்வொன்றிலும் 30 மதிப்பெண் செய்முறைக்கு உரியது.

நீட் தேவைப்படும் செவிலியர் படிப்பு ஒன்று உண்டு; அது ராணுவ செவிலியர் பணிக்கான பி.எஸ்சி. பெண்களுக்கான இப்படிப்பை வழங்கும் கல்லூரிகளுள் ஒன்று பெங்களூரு விமானப்படை கமாண்ட் மருத்துவமனையில் இயங்குகிறது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பை முதல் முயற்சியிலேயே, குறைந்தது 50 விழுக்காட்டுடன் தேறியிருக்க வேண்டும் என்பது விதி.

தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பை முடித்து, பிள்ளையை மட்டும் பி.யு.சி.க்காகப் பெங்களூருவுக்கு அழைத்துவரும் குடும்பங்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொதுவாக இம்மாநிலத்தில் ஏழு ஆண்டுகளேனும் பயின்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், நுழைவுத் தேர்வின்றி நடைபெறுகிறது; இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவில் கணிதமும் இல்லை. சில குடும்பங்களுக்கு ஓசூரிலேயே பிளஸ் டூ முடிப்பது மேலான வழியாக அமையலாம்.

வணிகவியலையோ கலையையோ எடுத்துவிட்ட மாணவிக்கும் கதவு முற்றிலும் அடைபடவில்லை. ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கு எப்பிரிவினரும் வரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். பட்டயம் பெற்று, மாநில மன்றத்தில் செவிலியராகப் பதிவு செய்துகொண்ட பின், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வாயிலாகப் பட்டத்தையும் அடையலாம். நான்காண்டு ஐந்தாண்டாகிறது, இடையில் சம்பாதிக்கும் தகுதி வந்துவிடுவதால் சில குடும்பங்களுக்கு இதுவே பொருந்துகிறது. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக அறிவியல் பாடங்களைப் பயின்றோரையும் செவிலியர் மன்ற விதிகள் ஏற்கின்றன. ஆனால் ஏற்கெனவே வணிகவியல் தேறியவர் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுத விரும்பினால், சேர்க்கை நடத்தும் அமைப்பிடம் எழுத்து வடிவில் உறுதி பெறாமல் கட்டணம் செலுத்த வேண்டாம்.

வெளிநாட்டு உறவினர் கூறும் அறிவுரை இங்குச் சில வேளை குழப்பம் விளைவிக்கிறது. அமெரிக்காவில் செவிலியர் பள்ளியில் சேரும் முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றைச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஆய்வக வகுப்புடன் முடித்துவரச் சொல்வது வழக்கம். நம் நாட்டில் இவை பி.எஸ்சி. பாடத்திட்டத்துக்குள்ளேயே அடங்கியவை, முதல் பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் தொடங்கிவிடும். இவற்றுக்கெனத் தனிச் சான்றிதழ் வகுப்புகளில் பணம் செலவிட வேண்டியதில்லை. பி.யு.சி. உயிரியலை மனப்பாடமாக அன்றிப் புரிந்து படித்தவருக்கு அந்த முதல் பருவம் இலகுவாகும்.

கடன் இங்கேதான் நுழைகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் செவிலியர் பட்டத்தையும் பட்டயத்தையும் ஏற்கிறது. உரிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் அப்படிப்புக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். கர்நாடகத்தில் இது வெறும் சடங்கன்று. மத்திய மன்றத்தின் அங்கீகாரம் கட்டாயமா, மாநில மன்றமும் பல்கலைக்கழகமும் அளிக்கும் ஒப்புதலே போதுமா என்ற பிணக்கு 2017-இல் உயர்நீதிமன்றம் வரை சென்றது. அதற்கிடையே கேரளத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த மாணவர்கள் கடன் பெறுவதிலும், ஊர் திரும்பிப் பதிவு செய்வதிலும் இடர்ப்பட்டனர். எனவே கல்லூரியின் பெயரைக் கொண்டு ஐயம் நீங்கிவிடக் கூடாது. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, கர்நாடக மாநில செவிலியர் மன்றத்தின் ஒப்புதல், இந்திய செவிலியர் மன்றத்தின் பட்டியல் ஆகிய மூன்றையும், சேரும் ஆண்டுக்கு உரியனவாக, முன்பணம் கட்டுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். இடைத்தரகர் காட்டும் நகலைப் போதுமென்று கொள்ளாதீர்கள். மூலச் சான்றிதழ்களை அவரிடம் ஒப்படைக்கவும் வேண்டாம்.

மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பெற்றோர் தம் பங்காக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு. 7.5 லட்சம் ரூபாய் வரை கடன் உத்தரவாத நிதியின் பாதுகாப்பு இருப்பதால் சொத்து அடமானம் கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்தே தவணை தொடங்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா. ஆகவே இடத்தை உறுதி செய்வதற்கு முன்பே கிளையில் கேட்டுவிடுவது நல்லது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் அடமானமும் பிணையாளரும் இன்றிக் கடன் தருகிறது. ஆனால் அது தரவரிசை கொண்டு தெரிவான நிறுவனங்களுக்கு மட்டும் உரியது. தங்கள் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதை வித்யாலட்சுமி இணையதளத்தில் காணலாம்.

கடன் விண்ணப்பத்துக்கு வருகையில் எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. மதிப்பெண் பட்டியல்கள், நுழைவுத் தேர்வுத் தரவரிசை, சேர்க்கைக் கடிதம், நான்கு ஆண்டுகளுக்குமான கட்டண விவரம், பெற்றோரின் வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்து வாருங்கள். விடுதிக் கட்டணத்தையும் சீருடைச் செலவையும் கல்லூரியின் கட்டண விவரத்திலேயே எழுதி வாங்கிவிட்டால், அவற்றுக்கும் சேர்த்துக் கடன் தொகையைக் கணக்கிட இயலும்.