ஒரு சொல் மாறிய சங்கம்

கார்த்திகை மாலை ஆறு மணி. திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வந்து சில நிமிடங்களே காட்சி தருவார். அந்த வேளையில்தான் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். 'அரோகரா' முழக்கத்தோடு எல்லார் கண்ணும் மூர்த்தியை விட்டு மலைக்குத் தாவும். உருவமும் வேண்டும், உருவமற்ற சோதியும் வேண்டும் என்பதில் இந்த ஊருக்குச் சங்கடமே இல்லை.

சங்கடப்பட்டவர் வடலூரில் இருந்தார். 1872 தைப்பூசத்தில் வள்ளலார் தொடங்கிய சத்திய ஞான சபையில் மூர்த்தி கிடையாது. ஏழு திரைகள் விலகினால் சுடர், அவ்வளவுதான். உள்ளே போகச் சாதி பார்ப்பதில்லை. கொலையும் புலாலும் விட்டவரா என்பதே கேள்வி.

பக்தி குறைந்தவரா இப்படிச் செய்வார்? சிதம்பரத்தையும் திருவொற்றியூரையும் உருகி உருகிப் பாடியவர் அவர். கோயிலை அதிகம் நம்பியவருக்குத்தான் அதன் குறை அதிகம் உறுத்தும் போலிருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1534-இல் எட்டாம் ஹென்றி போப்பிடமிருந்து திருச்சபையைப் பிரித்தார். பிறகு முதலாம் எலிசபெத் காலத்தில் போதனை சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்தாலும், பாதிரியாரின் வெள்ளை அங்கி, ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம், கல்யாண மோதிரம் எல்லாம் அப்படியே நீடித்தன. 'பைபிளில் இல்லாதது ஆலயத்தில் எதற்கு?' என்று கேட்டவர்களைப் பிறர் கேலியாகப் 'பியூரிட்டன்' என்றார்கள். நம் பேச்சில், சுத்தக்காரர்கள். 1604-இல் இந்தச் சுத்தக்காரர்கள் கேட்டதில் பெரும்பாலானவற்றை மன்னர் ஜேம்ஸ் தள்ளிவிட்டார். பைபிளுக்குப் புது மொழிபெயர்ப்பு மட்டும் கிடைத்தது.

நூலைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலைக் கேள்வி கேட்ட அந்தக் குணம் நம்மில் ஆறுமுக நாவலரிடம்தான் இருந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமப்படி இல்லை என்று கண்டித்தவர் அவர். வள்ளலாரின் அருட்பாவை 'மருட்பா' என்று எதிர்த்ததும் அவர் அணியே. வள்ளலார் போன திசை வேறு. 1865-இல் அவர் தொடங்கியது 'சமரச வேத சன்மார்க்க சங்கம்'. 1872-இல் அதுவே 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' ஆயிற்று. 'வேத' இருந்த இடத்தில் 'சுத்த' வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே கேலியாக ஒட்டிய சொல், இங்கே விரும்பிச் சூடிய பெயர். அங்கே நூல்தான் உரைகல். இங்கே நூலும் ஒரு திரை.

வள்ளலாருக்குப் பின் ஞான சபைக்குள்ளும் லிங்கமும் வழக்கமான பூசையும் நுழைந்துவிட்டன. 2006-இல் அறநிலையத் துறை அவற்றை நிறுத்தச் சொன்னது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதிசெய்தது.