எல்லைக் காவலில் இருக்கும் மகனுக்கு ஒரு வானொலி

இராணுவத்தில் மக்களைப் பணிக்கு அனுப்பியுள்ள குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். 'இராணுவப்பேட்டை' என்றே பெயர் பெற்றுவிட்ட வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களும் நம்மிடையே உண்டு. விடுமுறை முடிந்து மகன் புறப்படும் நாள் நெருங்கும்போது அக்குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. அவன் கையில் என்ன கொடுத்தனுப்புவது? முறுக்கும் அதிரசமும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நெடுநாள் உடனிருந்து பயன்படும் பொருளாக ஏதேனும் இருத்தல் நலம் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். அவர்களுள் சிலர், "சிறிய ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?" என்று வினவுகின்றனர்.

கொடுக்கலாம், நல்ல பரிசுதான். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பரிசு என்பது கொடுப்பவர் வாழும் இடத்தைக் கருதியன்று, பெறுபவர் வாழும் இடத்தைக் கருதியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் இனிமையாகப் பாடும் பெட்டி, பனிமலைக் காவற்சாவடியில் வெறும் சுமையாகிவிடக் கூடும்.

கைப்பேசி இருக்க வானொலி எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. நகரை அடுத்த முகாமில் இருக்கும் வீரனுக்குக் கைப்பேசியே போதும். ஆனால் கோபுரமே இல்லாத மலைப்பகுதிகள் பல உள. கோபுரம் இருப்பினும், முன்னணிக் காவற்சாவடிகளில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு உண்டு. கைப்பேசி ஓயாது அலைகளை வெளியிடும் கருவி. அது தன்னை வைத்திருப்பவனின் இருப்பிடத்தைப் பிறருக்கு அறிவித்துவிடக் கூடும். வானொலிப் பெட்டியோ கேட்பதற்கென்றே அமைந்தது. கோபுரமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். இரண்டு மூன்று செல்கள் இருந்தால் இரவெல்லாம் துணையிருக்கும்.

படைவீரனுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழமையானது. 1941-இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த பெல்கிரேடு வானொலி, 'லிலி மார்லீன்' என்னும் காதற்பாடலை இரவுதோறும் பத்து மணிக்குச் சற்று முன்பாக ஒலிபரப்பியது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எதிரெதிரே நின்ற ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அந்த ஒரே பாடலுக்குச் செவிசாய்த்தனர். 1944-இல் இத்தாலி நாட்டு ஆன்சியோ கடற்கரையில் முடங்கிக் கிடந்த அமெரிக்க வீரர்கள், சவர பிளேடு ஒன்று, பென்சில் கரித்துண்டு ஒன்று, சிறிது கம்பி, ஒரு காதுக்கருவி ஆகியவற்றைக் கொண்டே பாட்டரி இல்லாத வானொலிகளைச் செய்து கேட்டனர். குழிக்குள் கிடந்தவனுக்கும் உலகத்தின் குரல் தேவைப்பட்டது.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் ஓங்கி ஒலித்த இலங்கை வானொலிக்கும் இத்தகைய பிறப்பே. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944-இல் கண்டிக்கு இடம்பெயர்ந்தது. அப்படைகளுக்காகக் கொழும்பில் இயங்கியதே 'ரேடியோ சியாக்' என்னும் நிலையம். அதன் ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவிகளே போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. நம் நாட்டில் 1957 அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கிய விவித பாரதியும், படைவீரர்களுக்கென 'ஜெய்மாலா' என்னும் பாடல் நிகழ்ச்சியை அளித்துப் புகழ் பெற்றது.

சிற்றலையின் தன்மை

பொருளை வாங்குமுன் அதன் தன்மையைச் சிறிது அறிதல் வேண்டும். பண்பலை எனப்படும் எஃப்.எம். ஒலி தெளிவானது. ஆனால் அது ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. நடுவே மலை நின்றால் தடைபடும். சிற்றலை அவ்வாறன்று. பூமிக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை, சூரியக் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. சிற்றலை அவற்றில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகின்றது. இவ்வாறு மலைகளையும் கடல்களையும் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றது.

பகலில் 19 மீட்டர், 16 மீட்டர் போன்ற குறுகிய அலைகளும், இரவில் 49, 41, 31 மீட்டர் அலைகளும் பொதுவாக நன்கு கிடைக்கும். மத்திய அலையும் இரவிலேதான் நெடுந்தொலைவு செல்லும். பகலில் அதனை உறிஞ்சிவிடும் கீழடுக்கு, கதிரவன் மறைந்ததும் கலைந்துபோவதே காரணம்.

இங்கே உண்மை ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சிற்றலையின் பொற்காலம் முடிந்துவிட்டது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழோசை 2017-இல் சிற்றலையிலிருந்து விடைபெற்றது. மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலி 2018-இல் சிற்றலையை முற்றிலும் கைவிட்டது. உலகின் பல நாடுகளும் தம் சிற்றலை நிலையங்களைக் குறைத்துவிட்டன. ஆகையால், மகன் அங்கே தினந்தோறும் தமிழ் கேட்பான் என்னும் எதிர்பார்ப்புடன் இதனை வாங்குதல் தகாது. ஆனால் படையில் சில ஆண்டுகள் கழித்தவனுக்கு இந்தி நன்கு பழகியிருக்கும். செய்தியும் பாட்டும் கிரிக்கெட் வர்ணனையும் அவனுக்கு விருந்தே. சிற்றலையோடு மத்திய அலையையும் பண்பலையையும் செவ்வனே வாங்கும் பெட்டியாக அது இருக்கட்டும்.

கடைக்குப் போகுமுன்

முதலில் மகனையே கேளுங்கள். எந்த ஊரில் இருக்கிறான் என்று துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அதைச் சொல்ல அவனுக்கு அனுமதி இராது. "உன் பிரிவில் ரேடியோ வைத்துக்கொள்ள விடுவார்களா?" என்று மட்டும் கேளுங்கள். இதற்குக் காரணம் உண்டு. வானொலிப் பெட்டி கேட்கும் கருவியே எனினும், அதன் உள்ளே இயங்கும் சுற்று மிக நுண்ணிய அலையை வெளியே கசியவிடும். உலகப் போர்க்காலத்தில் சாதாரண வானொலிகள் முன்னணியில் அஞ்சப்பட்டதும், பிளேடு வானொலி பிறந்ததும் இதனாலேயே. ஆகவே மேலதிகாரியின் சொல்லே முடிவு.

இக்காலத்துச் சிறு வானொலிகள் பலவற்றில் புளூடூத், ஒலிப்பதிவு, மெமரி கார்டு ஆகிய வசதிகளும் சேர்ந்தே வருகின்றன. நமக்கு அவை கவர்ச்சியாகத் தோன்றலாம். பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் அவையே ஐயத்திற்கு இடமாகும். எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் கேள்விக்குள்ளாகலாம். கேட்பதைத் தவிர வேறொன்றும் அறியாத எளிய பெட்டியே ஏற்றது.

எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், வண்ண விளக்குகள் மின்னும் பெரிய பெட்டி ஒன்றை மகனுக்காகப் பார்த்து வைத்திருந்தார். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் அதனைக் கேட்டு, "அக்கா, அவன் ஏற்கெனவே சுமப்பது போதாதா? நீங்கள் கொடுப்பதையும் அவன் முதுகில்தானே ஏற்றியாக வேண்டும்? சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி பாருங்கள். இருட்டில் விளக்கு மின்னினால் அவனுக்குத்தான் வசவு" என்றார். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பெட்டியின் மேல் 'பத்து பேண்ட்', 'பன்னிரண்டு பேண்ட்' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே சிற்றலைப் பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணிக் காட்டுவதே அது. எண்ணிக்கை மிகுவதால் ஒலி மிகுவதில்லை.

முள் நகரும் பழைய வகையில், ஒரு நூலளவு இடத்திற்குள் பல நிலையங்கள் நெருங்கி நிற்கும். குளிரில் கையுறை அணிந்த விரல்களால் அவற்றைப் பிரித்தெடுத்தல் கடினம். எண்களைத் திரையில் காட்டி, நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வகையே உகந்தது. பையில் கிடக்கும்போது பொத்தான் அழுந்தித் தானே பாடத் தொடங்காதபடி பூட்டு வசதி இருத்தல் இன்றியமையாதது; காவலில் நிற்பவனிடம் எதிர்பாராத ஓசை எழுவது சிறு விஷயமன்று. இயர்போன் துளையும் கட்டாயம் வேண்டும். அருகில் உறங்குபவன் இரண்டு மணிக்கு எழுந்து காவலுக்குச் செல்ல வேண்டியவனாக இருப்பான்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் வழியாக வாங்குவோர் இன்னொன்றையும் நோக்குக. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவில் அது 10. இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத பெட்டி, இங்கே நம் நிலையங்களின் மீது சரியாக அமராது.

கடையில் சோதிப்பதாயின் மாலை இருட்டியபின் சோதியுங்கள். குழல்விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் சிற்றலையைக் கெடுக்கும். வாசலுக்கு வெளியே கொண்டுவந்து கேட்பது நல்லது.

செல்லும் குளிரும்

பெட்டியைக் காட்டிலும் செல்களே முக்கியம் என்று சொல்லிவிடலாம். 1984 ஏப்ரல் முதல் நம் படைகள் காத்துநிற்கும் சியாச்சின் பனியாற்றில், குளிர் உறைநிலைக்குக் கீழே ஐம்பது பாகை வரையிலும் இறங்கக் கூடும். அத்தகைய குளிரில் சாதாரண செல் விரைவில் சோர்ந்துவிடும். மாற்றத்தக்க லித்தியம் ஏஏ செல்கள் உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகை வரை இயங்கவல்லவை, எடையும் குறைவு. ஆதலால் உள்ளேயே பொருத்தப்பட்ட பாட்டரியை விட, கடையில் கிடைக்கும் ஏஏ செல்லால் இயங்கும் பெட்டியைத் தேர்க. குளிர்காலத்தில் செல்களைச் சட்டையின் உட்பையில், உடலின் வெப்பம் படும்படி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இராஜஸ்தானத்து மணலில் எதிரி வேறு. அங்கே வெப்பமும் தூசியும் பெட்டியைக் கெடுக்கும். வடகிழக்குக் காடுகளில் ஈரம். தூசிக்கும் ஈரத்திற்கும் இறுக மூடும் பிளாஸ்டிக் பை ஒன்றே எளிய மருந்து. எங்காயினும், பயன்படுத்தாத நாள்களில் செல்களைக் கழற்றி வைப்பது நல்லது. அவை கசிந்தால் பெட்டி பாழாகும்.

கொடுக்கும் முறை

படைவீரர்க்குரிய 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. முகவரிகளுக்குப் பார்சல் அனுப்பலாம்தான். ஆனால் விமானத்தில் ஏறும் லித்தியம் செல்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அவன் விடுமுறையில் வரும்போது கையிலேயே கொடுப்பது மேல். அதுவும் புறப்படும் நாளில் அன்று; ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தம்பி தங்கையரோடு நிலையங்களைத் தேடிப் பழகட்டும். கிடைத்த நிலையங்களையும் அவற்றின் நேரத்தையும் ஒரு சிறு அட்டையில் தங்கை தன் கையெழுத்தில் எழுதித் தரட்டும். சிற்றலை நிலையங்கள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் தம் அலைவரிசைகளை மாற்றுவது வழக்கம். ஆண்டுக்கு இருமுறை புதிய அட்டை ஒன்றை எழுதிக் கடிதத்தோடு அனுப்பலாம். கடிதம் எழுத அதுவும் ஒரு காரணமாகும்.

வானொலி ஒருவழிக் கருவி. அதன் வழியே நாம் நம் பிள்ளையோடு பேச இயலாது. ஆயினும் ஒரு குடும்பம், "இரவு இத்தனை மணிக்கு நாங்களும் இந்த நிகழ்ச்சியைக் கேட்போம்" என்று அவனிடம் சொல்லி வைக்கலாம். அந்த வேளையில் அவன் காதிலும் நம் காதிலும் ஒரே பாடல் விழும். தாயும் மகனும் ஒருவரையொருவர் நினைக்கக் குறித்த நேரம் ஒன்று அமையும். பெட்டி எத்தகையதாயினும், அந்த நேரத்தை வீட்டார் தவறாது காத்தல் வேண்டும். பரிசில் பாதி கடையில் கிடைப்பது. மறுபாதியை நாள்தோறும் நாமே கொடுக்க வேண்டும்.