முதற்சொல்லுக்குக் காத்திருந்த தாய்மார்

நாமக்கல் மலை ஒரே பாறை. அதன் மேற்குப் பக்கத்தைக் குடைந்தமைத்த கோயிலில் நரசிம்மப் பெருமாள் வீற்றிருக்கிறார். தனிச் சந்நிதியில் நாமகிரித் தாயார் அருள்பாலிக்கிறாள். சற்றுத் தள்ளி, மேற்கூரை இல்லாத வெட்டவெளியில், 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பியபடி பெருமாளையே நோக்கி நிற்கிறார்.

கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம் ஏந்தி வந்த அனுமன், இங்கே கமலாலயக் குளத்தில் நீராட இறங்கினார் என்றும், தவமிருந்த மகாலட்சுமியின் கையில் அதைக் கொடுத்துச் சென்றார் என்றும், அவர் திரும்பத் தாமதமானதால் தாயார் அதைக் கீழே வைக்க, அந்தச் சிறு கல்லே மலையாக வளர்ந்து நரசிம்மராய் நின்றது என்றும் தலபுராணம் கூறுகிறது. கையில் அடங்கியது கண்ணெதிரே வளர்ந்து மலையாகிய தலம் இது. பிள்ளை வரம் வேண்டுவோரும், பிறந்த பிள்ளை நன்கு வளர வேண்டுவோரும் இங்கே வருவதில் வியப்பில்லை.

அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளைகளுள் உலகறிந்தவர் ஒருவர் உண்டு. கும்பகோணத்தில் புடவைக் கடையொன்றில் கணக்கராயிருந்த சீனிவாச ஐயங்காரின் மனைவி கோமளத்தம்மாளுக்கு மணமாகிச் சில ஆண்டுகள் மகப்பேறு வாய்க்கவில்லை. அவருடைய பெற்றோர் தங்கள் குலதெய்வமாகிய நாமகிரித் தாயாரை வேண்டினர். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், ஆண் குழந்தை பிறந்தது. அதுவே கணிதமேதை சீனிவாச இராமானுஜன். தன் மகள் வயிற்றுப் பேரன் மூலமாகத் தாயார் ஒருநாள் பேசுவாள் என்று, குழந்தை பிறப்பதற்கு முன்பே பாட்டி இரங்கம்மாளுக்கு வாக்குக் கிடைத்ததாக அக்குடும்பத்தில் ஒரு செய்தி வழங்கி வந்தது.

பேசுவாள் என்று வாக்குக் கிடைத்த வீட்டில், அந்தப் பிள்ளை பேசவே இல்லை.

சின்னசாமி என்று வீட்டார் செல்லமாக அழைத்த அக்குழந்தை ஏறத்தாழ மூன்று வயது வரை வாய் திறவாமலே இருந்தது. பிடிவாதத்திற்கு மட்டும் குறைவில்லை. வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களையெல்லாம் எடுத்து வந்து ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக அடுக்குமாம். விரும்பியது உண்ணக் கிடைக்காவிட்டால் மண்ணில் புரளுமாம். இந்தப் பாத்திர வரிசையைப் படிக்கும்போது, பிற்கால எண் தொடர்களை நினைத்துக்கொள்ளாதவர் இருக்க முடியாது. ஆனால் அன்று அடுப்படியில் நின்றவருக்கு அது பின்னாளின் அறிகுறியாகத் தெரிந்திருக்குமா? சமைக்கப் பாத்திரம் இல்லை என்பதுதான் தெரிந்திருக்கும்.

அந்தத் தாய் எத்தகைய சூழலில் காத்திருந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூத்தவனுக்கு ஒன்றரை வயதாகும்போது இரண்டாவது மகன் பிறந்து, மூன்று மாதங்களுக்குள் மறைந்தான். 1889 டிசம்பரில் மூத்தவனுக்கே அம்மை வார்த்தது. தஞ்சை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை அம்மை கொண்டுபோன காலம் அது, பிள்ளை பிழைத்தது. 1891, 1894 ஆகிய ஆண்டுகளில் பிறந்த இரு குழந்தைகளும் முதலாண்டு நிறைவைக் காணவில்லை. அத்தகைய வீட்டில் ஒரு குழந்தை பாத்திரம் உருட்டும் ஓசையே பெருஞ்செல்வம். ஆயினும் அது ‘அம்மா’ என்று அழைக்கவில்லையே என்ற ஏக்கமும் உடனிருந்திருக்கும்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கிட்டுக் கண்டு மகிழ்வது தமிழருக்குப் பழகிய கலை. பெரியாழ்வார் யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனின் தாலாட்டு, செங்கீரை, தளர்நடை என்று பாடினார். திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண் மகவை வளர்த்தவர் அவர். அவர் காட்டிய வழியில் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியமே தழைத்தது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். மூன்றாம் மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒன்றாக இருபத்தோராம் மாதம் வரை செல்லும் கணக்கு. நூல்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு.

ஐந்தாம் மாதத்துச் செங்கீரை என்பது, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதில் அமர்ந்து கைகொட்டும் சப்பாணி. பதினொன்றில் முத்தம். பதின்மூன்றில் வருகை, அதாவது ‘வா’ என்றால் எட்டெடுத்து வருவது. பதினைந்தில் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி.

இந்தக் கணக்கு வெறும் கவிமரபு அன்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அளவின்படி, பிடிப்பின்றி அமர்வது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள். தானே நடப்பது 8 முதல் 17½ மாதத்துக்குள். பதின்மூன்றாம் மாத வருகை அந்த இடைவெளியின் நட்டநடுவே விழுகிறது. கைக்குழந்தையை உற்றுநோக்கிய கண் எதுவானாலும், புலவருடையதோ மருத்துவருடையதோ, ஒன்றையே கண்டிருக்கிறது. இன்னொன்றும் அந்த அளவிலிருந்து புலப்படும். எட்டில் நடந்த பிள்ளையும் பதினேழில் நடந்த பிள்ளையும் இயல்பான பிள்ளைகளே. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு உறக்கம் இழக்கும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ளலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வருகைப் பருவத்துக்கு ஓர் ஓசை உண்டு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறைகளில் உருவாகும் வெள்ளிக் கொலுசு நாடெங்கும் செல்கிறது. ஆனால் உள்ளூர்க் குழந்தையின் காலில்தான் அது முதலில் ஒலிக்கிறது. முத்து வைத்த கொலுசு அழகுக்கு மட்டும் அணிவிப்பதன்று. அடுக்களையில் இருக்கும் தாய்க்குப் பிள்ளை திண்ணையில் நிற்கிறதா, தண்ணீர்த் தொட்டியருகே போகிறதா என்பதை அதுதான் சொல்கிறது. சலங்கை ஒலி நின்றுவிட்டால் உடனே எழுந்து ஓடவேண்டும். ஒலிக்கும் கொலுசைவிட ஒலிக்காத கொலுசே ஆபத்தின் அறிகுறி என்பதைப் பிள்ளை வளர்த்த ஒவ்வொருவரும் அறிவர். அப்படி ஓடிப் பார்த்தால், அரிசிப் பானையுள் இரு கையும் விட்டு, முகமெல்லாம் மாவாக ஒரு சிரிப்பு காத்திருக்கும். கோபம் வந்த வழியே போய்விடும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வருத்தமும் உண்டு. நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு. ஓட்டுநரும் ரிக் தொழிலாளரும் வட மாநிலங்களுக்குச் சென்றால் வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்தே திரும்புவர். தவழ விட்டுப்போன பிள்ளை, திரும்பி வரும்போது நடந்துகொண்டிருக்கும். நடந்ததோடு நில்லாமல், தகப்பனைக் கண்டு அம்மாயியின் சேலை மடிப்பில் போய் ஒளிந்துகொள்ளும். கைப்பேசித் திரையில் கண்டு கையாட்டிய அதே முகம்தான். ஆயினும் நேரில் வந்து நிற்கும்போது வேற்றாளாகிவிடுகிறது. ஒரு பகல் முழுதும் விளையாட்டுக் காட்டிக் கெஞ்சியபின் மாலையில் மெல்ல வந்து மடியில் ஏறும் அந்தக் கணத்துக்காகத் தகப்பன் நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டி வந்திருக்கிறான். அம்புலிப் பருவத்தில் நிலவை நயந்தும், பயமுறுத்தியும், கொடுப்பதாக ஆசைகாட்டியும் அழைப்பது மரபு. இங்கே அழைக்கப்படுவது குழந்தை. அழைப்பவன்தான் தொலைவிலிருந்து வந்த அம்புலி.

பேச்சு தொடங்குவது இன்னும் நுட்பமான மகிழ்ச்சி. ப, ம என்னும் ஒலிகள் இரண்டு இதழ்களும் கூடப் பிறப்பவை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பல் முளைக்காத வாய்க்கும் அவை எளிது. அம்மா, அப்பா, பாப்பா என எல்லாம் இதழில் பிறக்கும் சொற்களே. கொங்கு வீடுகளில் அப்புச்சி என்ற சொல் பிள்ளையின் வாயில் ‘அப்பி’யாகி, அம்மாயி ‘மாயி’யாகி, அந்த உடைந்த பெயரே பல ஆண்டுகள் நிலைத்துவிடுவதும் உண்டு. முறையாகப் பெயர் சொல்லக் கற்ற பிறகு, பழைய மழலை போயிற்றே என்று தாத்தாவுக்குத்தான் குறை.

அந்த முதற்சொல் வராமல் போனால்?

இராமானுஜனுக்கு முன்பே இவ்வாறு காத்திருந்த பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடத்தி நோன்பிருந்தனர் என்றும், அங்கே வாய் திறந்தவர் கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் அவர் வரலாறு கூறும். பேச்சுக்குத் தவித்த அந்தப் பிள்ளையே பின்னர் பிள்ளைப் பருவத்தைப் பாடுவதில் தலைசிறந்தவரானார். அவர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேறியபோது, அன்னையே சிறு பெண்ணாக வந்து மன்னர் மடியில் அமர்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் இட்டாள் என்பது மரபு.

அகிலம் ஆளும் அன்னையைச் சிறு பெண்ணாக மடியில் இருத்திக் கண்ட தமிழ் மண்ணில், பெண் மகவை மடியில் ஏற்க மறுத்த வீடுகளும் இருந்தன என்பதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. அதுவும் இதே சமவெளியில். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான்; நாமக்கல் அன்று அம்மாவட்டத்தின் பகுதி. வளர்க்க இயலாதோர் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. அவ்வாறு பிழைத்த பெண்கள் இன்று முப்பது வயதை எட்டியிருப்பர். அவர்களுள் தாயானவர்களும் இருப்பர். அவர்களுடைய முதல் நடையையும் முதற்சொல்லையும் வேறு யாரோ கண்டு மகிழ்ந்தார்கள்.

மீண்டும் கோமளத்தம்மாளிடம் வருவோம். பிள்ளை பேசவில்லையே என்று அவர் தாயாரை வேண்டிக்கொண்டு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. காஞ்சிபுரத்தில் அப்போது வசித்த தம் தந்தையிடம் அழைத்துச் சென்றார். அங்கே முதியவர் ஒருவர் சொன்ன யோசனைப்படி அட்சராப்பியாசம் தொடங்கினார்கள். தரையில் அரிசியைப் பரப்பி, பாட்டனார் பேரனின் கையைப் பிடித்து ஒவ்வொரு தமிழெழுத்தாக எழுதுவித்து, அதை உரக்கச் சொன்னார். விரலும் கண்ணும் காதும் ஒருங்கே உழைத்தன. விரைவிலேயே பிள்ளை பேசத் தொடங்கியது. 1892 அக்டோபர் 1, விஜயதசமியன்று, திண்ணைப் பள்ளியில் சேர்த்தனர். இருபத்தோராண்டு கழித்து அவர் கடல் கடந்து செல்லும் பேச்சு எழுந்தபோது முதலில் தடுத்தவரும் அந்தத் தாயே. மகனை மறிக்காதே என்று நாமகிரித் தாயார் கனவில் ஆணையிட்டதாகச் சொல்லி, பின்பு விடைகொடுத்தவரும் அவரே.

இக்கதைகளைக் கேட்டு, “நம் பிள்ளையும் குமரகுருபரர் போலத் தானே பேசும்” என்று வாளாவிருக்கும் வீடுகள் உண்டு. அது தவறு. வேண்டுதலோடு முயற்சியும் சேர்ந்தே இருந்தது என்பதே காஞ்சிபுரத்து அரிசி காட்டும் செய்தி. ஓராண்டு நிறையும் அளவில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளைக்கும், இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கும் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். இராசிபுரம், குமாரபாளையம் பக்கத்துத் தறி வீடுகளில், ஓயாத தறிச் சத்தத்திற்கு நடுவே தொட்டிலில் உறங்கிப் பழகிய குழந்தை ஓசைக்குத் திரும்பாதது எளிதில் கவனத்துக்கு வராமல் போகலாம். “தூங்குமூஞ்சிப் பிள்ளை” என்று சிரித்துவிட்டு இருந்துவிடுவார்கள். காது கேளாமை சிறுவயதிலேயே தெரிந்தால் செய்யக்கூடியவை பல. தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கும் வழியுண்டு. குழந்தையின் வயது ஏற ஏற அதன் பயன் குறையும் என்பதால் தாமதம் கூடாது. காது நன்றாக இருந்து பேச்சு மட்டும் பிந்தினால், பேச்சுப் பயிற்சியோடு வீட்டாரின் பேச்சும் மருந்தே. குளிப்பாட்டும்போது, சோறூட்டும்போது, விளக்கேற்றும்போது செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும் பாட்டிமார் இதைப் பயிற்சி என்று அறியாமலே செய்து வந்தவர்கள்.

விஜயதசமியன்று இன்றும் கோயில்களில் தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பிள்ளைகளைத் தாத்தாவின் மடியில் இருத்தி எழுத்தறிவிக்கிறார்கள். ‘அ’ எழுதக் கை பிடித்ததும் சில பிள்ளைகள் வீறிட்டு அழும். சில, எழுதியதை மறுகையால் அழிக்கும். பெரும்பாலானவை செய்வது ஒன்றே. தாத்தா எழுத்தைச் சொல்லச் சொல்ல, ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும்.