விமானிகள் கண்டதும் சர்க்கார் மறைத்ததும்

2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு ஒரு தவணை முடிந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட சில ஷரத்துக்களின்படி, ஆகாயத்தில் காணப்பட்டு இன்னதென்று விளங்காமற்போன வஸ்துக்களைப் பற்றித் தங்கள் வசம் உள்ள தஸ்தாவேஜுகளின் பிரதிகளை அந்நாட்டு இலாகாக்கள் யாவும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 2025 செப்டம்பர் 30-க்குள் அனுப்பிவிட வேண்டியிருந்தது. இச்செய்தி வெளியானதிலிருந்து நமது வாசகர்களின் கடிதங்களில் ஒரு குழப்பம் தொடர்ந்து தென்படுகிறது. பறக்கும் தட்டு உண்டா, இல்லையா என்று கேட்பவர்கள் ஒரு சாரார், "விமானிகள் பொய் சொல்வார்களா?" என்று சினந்து கேட்பவர்கள் மற்றொரு சாரார். முதற்கேள்விக்கு விடை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. இரண்டாவது கேள்விக்குள் ஒளிந்திருக்கும் சங்கதியோ, முதற்கேள்வியைவிட ரசமானது.

விமானி ஒருவர் தாம் கண்டதை உள்ளது உள்ளபடி சொல்ல, அவர் கண்டது இன்னதென்று நன்றாக அறிந்த சர்க்காரே அவரைத் தவறாகக் கண்டவர் என்று நம்பவைத்து அனுப்பிய ஓர் ஏற்பாடு அமெரிக்காவில் பல வருஷங்கள் நடந்தது. அதைப் பற்றி ஊகம் ஏதும் வேண்டியதில்லை. சி.ஐ.ஏ. தன் உபயோகத்துக்கென்று 1992-இல் எழுதி வைத்து, 2013-இல் பெரும்பகுதி வெளியிடப்பட்ட, யூ-2 என்னும் வேவு விமானத்தின் சரித்திரத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

1955 ஆகஸ்டில் நெவாடா பாலைவனத்தில், க்ரூம் லேக் என்னும் வறண்ட ஏரிப்படுகையில், அவ்விமானம் முதன்முதலாகப் பறந்தது. அக்காலத்துப் பிரயாணி விமானங்கள் 10,000 அடியிலிருந்து 20,000 அடி உயரத்தில் சென்றன. ராணுவ விமானங்களிற் பெரும்பாலானவை 40,000 அடிக்குக் கீழே நின்றன. யூ-2 விமானமோ 60,000 அடிக்கு மேலே பறந்தது. மனிதன் ஏறிய விமானம் அவ்வளவு உயரத்தில் செல்லக்கூடும் என்று நம்புவோர் அப்போது வெகு சிலரே.

மேற்கு நோக்கிச் செல்லும் பிரயாணி விமானம் ஒன்றின் விமானி அறையை மாலை நேரத்தில் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். எதிரே தொடுவானத்தில் சூரியன் இறங்கிவிட்டான். அறைக்குள் இருள் கூடுகிறது. கருவிகளின் முட்கள் மங்கலாகத் தெரிகின்றன. ஆனால் உயரே செல்லச் செல்லத் தொடுவானம் தாழும் என்பது பூமியின் வளைவினால் விளையும் நியதி. ஆகவே, கீழே உள்ளவனுக்கு அஸ்தமித்த சூரியன், அவனுக்கு 40,000 அடி மேலே பறப்பவனுக்கு இன்னும் சில நிமிஷங்கள் அஸ்தமிப்பதில்லை. அந்தச் சில நிமிஷங்களில், வெள்ளி நிறமான யூ-2 விமானத்தின் நீண்ட இறக்கைகளிற்பட்டுத் திரும்பும் வெயில், இருண்டுவிட்ட கீழ்விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு வானத்தில் நெருப்புத் துண்டம் ஒன்று நகர்வதுபோலத் தோன்றிற்று. மேற்கே பறப்பவன் அஸ்தமனத் திசையையே பார்த்திருப்பதோடு சூரியனைத் துரத்திக்கொண்டும் போகிறான். ஆதலால் அவனுக்கு அந்தி நீளுகிறது, காட்சியும் நீளுகிறது. இத்தகைய அறிக்கைகள் அந்தி வேளையில், கிழக்கிலிருந்து மேற்கே சென்ற விமானிகளிடமிருந்தே மிகுதியாக வந்தன என்று அந்தச் சரித்திரமும் கூறுகிறது.

விமானி தரையிறங்கிப் புகார் எழுதினார். அது ஒஹாயோ மாகாணத்தின் டேட்டன் நகரில், விமானப்படை நடத்திய 'ப்ளூ புக்' விசாரணைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த உத்தியோகஸ்தர்கள் வாஷிங்டனில் சி.ஐ.ஏ.வின் யூ-2 அலுவலர்களைத் தொடர்புகொண்டு, புகாரிற் கண்ட தேதியையும் நேரத்தையும் பறத்தற்குறிப்புக்களோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போனால், விஷயம் விளங்கிவிட்டது. ஆனால், விளங்கியதைப் புகார் எழுதியவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் விமானத்தின் இருப்பே அம்பலமாகும். எனவே பொதுஜனங்களுக்கு உறைபனித் துகள் என்றும், வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்றும், இன்னபிற இயற்கைக் காரணங்கள் சொல்லப்பட்டன. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. அதே மூச்சில், தம் கண்ணையே சந்தேகிக்கும்படி விடப்பட்ட அந்த விமானிகளை எண்ணி வருந்தாமலும் இருக்க முடியவில்லை.

இதற்குத் துணையாக மற்றோர் உத்தரவும் இருந்தது. 'ஜானாப் 146' என்ற கூட்டுப்படை வெளியீடு வகுத்த 'சிர்விஸ்' முறை அது. சந்தேகத்துக்குரிய விமானம், நீர்மூழ்கி, ஏவுகணை, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள், துருவப் பிரதேசத்தில் நடமாடும் இனந்தெரியாத கூட்டம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், வானொலியில் 'சிர்விஸ்' என்று மூன்று முறை கூறி உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததை அனுமதியின்றி வெளியே சொன்னால் வேவுச் சட்டம் பாயும் என்று அந்த வெளியீடே எச்சரித்தது. கண்டதைச் சர்க்காரிடம் உடனே சொல், சொன்னதைப் பிறகு மறந்துவிடு என்பதே அதன் சாராம்சம்.

சர்க்கார் சொல்வதில் ஒரு பகுதி மெய்யென்று ஆனபின், முழுவதும் மெய்யென்று கொள்ளும் சபலம் நமக்கு உண்டாகிறது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1960-கள் முழுவதும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த வேவு விமானங்களாலேயே எழுந்தவை என்று சரித்திராசிரியர் ஒருவர் சி.ஐ.ஏ.வின் சஞ்சிகையில் 1997-இல் எழுதினார். 2014-இல் அந்த ஸ்தாபனமே ட்விட்டரில், ஐம்பதுகளில் வானத்தில் கண்ட விசித்திரங்களுக்குக் காரணம் நாங்கள்தாம் என்று விளையாட்டாய் மார்தட்டிக்கொண்டது. ஆனால், எந்தப் புகார் எந்தப் பறத்தலுக்கு உரியது என்ற அட்டவணை எங்கே? ப்ளூ புக் கணக்கில் மிகுதியான புகார்கள் பதிவான வருஷம் 1952, புகார்கள் 1,501. யூ-2 பிறப்பதற்கு அது மூன்று வருஷம் முந்தியது. 1960 மே 1-ஆம் தேதி சோவியத் மண்ணில் யூ-2 வீழ்த்தப்பட்டபோது, அது வானிலை ஆராய்ச்சி விமானம் என்று சாதித்து, நாஸாவின் சின்னம் தீட்டிய மற்றொரு யூ-2 விமானத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியதும் இதே சர்க்கார்தான். அன்று பொய்யை அவ்வளவு சிரத்தையோடு ஜோடித்தவர்கள் இன்று சொல்லும் விகிதாசாரத்தை அத்தாட்சியின்றி ஏற்பதற்கில்லை.

இனி, தவணைக்கு வருவோம். எந்தத் தஸ்தாவேஜு இச்சட்டத்துக்குள் அடங்கும் என்று பொறுக்கி எடுக்கும் வேலை, அவற்றை மறைத்து வைத்த இலாகாக்களிடமே விடப்பட்டது. செனட்டர்கள் ஷூமரும் ரவுண்ட்ஸும் கொணர்ந்த மூல மசோதாவில், ஜனாதிபதி நியமிக்கும் சுயேச்சையான மறுபரிசீலனைக் குழு ஒன்று இருந்தது; சட்டம் நிறைவேறும்போது அதை நீக்கிவிட்டார்கள். தேசப் பாதுகாப்பைக் காரணங்காட்டி வெளியீட்டைத் தள்ளிப்போடவும் இடமுண்டு. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வேற்றுக் கிரகவாசிகளுக்கு அத்தாட்சி கிடைத்ததா? இல்லை என்று பென்டகனின் விசாரணை அலுவலகம் 2024 மார்ச்சில் அறிக்கை தந்தது.

ப்ளூ புக் என்னவாயிற்று? 12,618 புகார்களில் 701-ஐ விளங்காதவை என்று வைத்துவிட்டு 1969-இல் மூடப்பட்டது.

சிர்விஸ் இன்றும் உண்டா? கனடா நாட்டு விமானிகளுக்கான கைந்நூலில் இருக்கிறது. கைவிடப்பட்ட ஓடுதளங்களில் தென்படும் சந்தேகாஸ்பதமான ஆட்களைப் பற்றியும் தெரிவிக்கச் சொல்கிறது.

தஸ்தாவேஜுகளை நாம் பார்க்கலாமா? அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இவற்றுக்கென 615 என்ற எண்ணில் தனித் தொகுதி ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. வெளியிடப்பட்டவற்றை அதன் இணைய அட்டவணையில் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம்.