வெற்றிலைக்குக் குடை பிடிக்கும் அகத்தி

வத்தலகுண்டுப் பக்கம் கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் விதைப்பது வெற்றிலையை அல்ல, அகத்தியை. அது வளர்ந்து நின்ற பிறகுதான் அடியில் கொடியை நடுவார்கள். கொடி பற்றி ஏற ஒரு கால் வேண்டும்; அதைவிட முக்கியம் நிழல். கோடையில் அகத்தியை அடர விடுவார்கள். மழை மூடாப்பு வந்ததும் கிளை கழித்து வெளிச்சத்தை உள்ளே விடுவார்கள். கழித்த தழை கீரையாகச் சந்தைக்குப் போவது தனி வரும்படி.

வெயில்தான் செடிக்குச் சாப்பாடு என்று படித்தோமே, அதை ஏன் மறைக்க வேண்டும்? படித்ததில்தான் சின்னப் பிசகு. வெயில் அடுப்பு மட்டுமே. உலையில் போடும் அரிசி, இலைத்துளை வழியே நுழையும் கரியமில வாயு. திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில், நீரைக் காப்பாற்ற இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. அரிசி வரவில்லை, அடுப்போ எரிகிறது. வெறும் சட்டி என்ன ஆகும்?

அதேதான் இலைக்கும். செலவாகாத ஒளி ஆற்றல் ஆக்சிஜன் மீது பாய்ந்து, இலையையே அரிக்கும் பொருள்களாக மாறுகிறது. ஒளியை வாங்கும் இடத்தில் 'டி1' என்றொரு புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டு அது உடைவதும், இலை புதிதாகக் கட்டுவதும் பகல் முழுக்க நடக்கும் வேலை. உடைவது கட்டுவதை முந்தினால் இலை வெளிறிவிடும். உச்சி வெயிலில் தக்காளி போன்ற செடியின் இலையே விழும் ஒளியில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாமல் திணறும். நிழலுக்கென்றே அகன்று மெலிந்த வெற்றிலை எம்மாத்திரம்?

வேடசந்தூர் மானாவாரிக் காட்டுச் சோளத்துக்கு இந்தக் கவலை குறைவு. சூடு ஏறும்போது, கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். தக்காளியும் மல்லிகையும் இப்படி உழைப்பை வீணாக்குகின்றன. சோளமும் கம்பும் கரியமில வாயுவை முன்கூட்டியே திரட்டி அந்த நொதியிடம் சேர்க்கின்றன. 1966இல் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்து இந்த வழியைத் தெளிவாக்கினார்கள். துளையைக் கொஞ்சமே திறந்தாலும் சோளத்துக்குப் போதும். வாடினால் இலையைச் சுருட்டி வெயிலுக்கு முகம் காட்டாமல் நிற்கும்.

வேலியோரக் கள்ளி இன்னும் கெட்டிக்காரி. பகலில் கதவைச் சாத்திவிட்டு, இரவில் வாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. இதற்கான முதல் தடயங்களில் ஒன்று நாக்கில் கிடைத்தது. தரங்கம்பாடிக்கு வந்து சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. 1813இல் ஒரு கடிதத்தில் இதை எழுதினார். கருவி எதுவுமில்லாமல் செய்த இந்தச் சோதனைமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

வெற்றிலைக்கு இந்த இரண்டு வித்தையும் தெரியாது. அதற்கு அகத்திதான் துணை. மாடியில் வெற்றிலைத் தொட்டி வைத்திருப்பவர்கள், இலை வெளிறினால் உரத்தைத் தேடுமுன், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.