பேரரசு அழிந்தது, பெருவீதி நிற்கிறது

உரோமாபுரியின் தெற்கு மதில்வாசலைக் கடந்து சிறிது தூரம் நடப்போமாயின், பைன் மரங்களின் நிழலில் கருங்கல் பரவிய பழைய வீதியொன்றைக் காணலாம். அக்கற்களில் வண்டிச் சக்கரங்கள் உராய்ந்த தடங்கள் இன்றும் பள்ளமாகத் தெரிகின்றன. வீதிகளின் அரசியெனப் புகழ்பெற்ற அப்பியன் வீதி இதுவே.

கி. மு. 312ஆம் ஆண்டில் அப்பியஸ் குளோடியஸ் என்னும் உயர் அதிகாரி இதனைத் தொடக்கினார். படைகள் விரைந்து செல்வதே அவர் நோக்கம். முதலிற் கப்புவா நகர் வரை சுமார் 120 மைல் சென்ற வீதி, பின்னர்ப் பிறிண்டிசித் துறைமுகம் வரை சுமார் 330 மைலாக நீண்டது. அகலம் 14 அடி. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் விலகிச் செல்லலாம். மழைநீர் வழிந்தோடுமாறு நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தியிருந்தனர்.

பெருமை மட்டுமன்று, கொடுமையும் இவ்வீதிக்குண்டு. கி. மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் தலைமையில் எழுந்த அடிமைகள் தோல்வியுற்றபோது, சிறைப்பட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை வழிநெடுகச் சிலுவையில் அறைந்தனர்.

நகரினுள்ளே பிணம் புதைத்தல் சட்டப்படி கூடாதாகையால், செல்வர் தம் கல்லறைகளை இவ்வீதியோரத்தில் எழுப்பினர். சிசிலியா மெற்றெல்லா என்னும் பெருமாட்டியின் வட்டவடிவக் கல்லறை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஏனையவை பல அழிந்தன. அழித்தது காலம் மட்டுமா? பிற்காலத்தார் அவற்றின் சலவைக்கற்களைப் பெயர்த்து மாளிகை கட்டினர். சுண்ணாம்புக்காகச் சுட்டும் தீர்த்தனர்.

இரண்டாம் உலகப் போரின் பின் புதியதோர் ஆபத்து வந்தது. பணம் படைத்தோர் வீதியோரத்தில் ஆடம்பர வீடுகளை எழுப்பலாயினர். 1953இல் அந்தோனியோ செதெர்னா என்னும் பத்திரிகையாளர் இதனைக் கண்டித்து எழுதத் தொடங்கினார்; ஆண்டுக்கணக்காக ஓயாது எழுதினார்.

இதற்கிடையே, 1960 ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் எதியோப்பிய வீரர் அபேபே பிகிலா, தீவட்டி ஒளியில், இவ்வீதி வழியே வெறுங்காலுடன் ஓடி வெற்றிவாகை சூடினார்.

செதெர்னாவின் எழுத்தும் வீண்போகவில்லை. 1965இல் உரோமாபுரி நகரத் திட்டம் வீதியைச் சூழ்ந்த பெருநிலத்தைப் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கியது. 1988இல் அப்பூங்கா சட்டப்படி அமைந்தது. 2024இல் யுனெஸ்கோ இவ்வீதியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

படைகளுக்காகப் பிறந்த வீதி, படைகள் மறைந்த பின்னும் வாழ்கிறது. அதனைக் காத்து நின்றது வாளன்று, ஓர் எழுதுகோலே.