காலி வண்டியின் கூலி

என் தந்தை லாரி ஓட்டுநர். ஸ்ரீவில்லிபுத்தூர் வயல்களின் வைக்கோலை ஏற்றி, இராஜபாளையம், செங்கோட்டை வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சென்று கொல்லத்தில் இறக்குவார். திரும்புகையில் வண்டி பெரும்பாலும் காலி.

காரணம் யாதெனில், இங்கிருந்து கேரளம் செல்லும் அளவுக்கு அங்கிருந்து வரச் சரக்கில்லை. போக 160, வர 160; ஆக 320 கிலோமீட்டருக்கான டீசல், டயர் தேய்மானம், படி அனைத்தையும் ஒருவழி வாடகையே தாங்க வேண்டும். முடிவில் அதனைச் செலுத்துபவர் வைக்கோல் வாங்கும் மாட்டுக்காரரே!

ரிட்டன் லோடுக்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடப்பதா, காலியாகத் திரும்புவதா? இதுவே என் தந்தையின் தீராத கணக்கு. இன்றைய கைபேசிச் செயலிகள் சுமையைத் தேடித் தரலாம். இல்லாத சரக்கை உண்டாக்க அவற்றாலும் இயலாது.

நண்பர்களே, தார்ப்பாய் மடித்த லாரி எதிரே வந்தால், வெறுமையாகப் போகிறதென்று எண்ணாதீர்கள். அதன் வாடகையை யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார்.